புது ஆண்ட்ராய்டு போன்ல 'சர்ச் இன்ஜின் எது வேணும்'னு கேக்குதே, அது எங்கேர்ந்து வந்துச்சு?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல புது ஆண்ட்ராய்டு போன் வாங்கி ஆன் பண்றப்போ நடுவுல ஒரு ஸ்க்ரீன் வரும், எந்த சர்ச் இன்ஜின் வேணும்னு லிஸ்ட் காட்டும், நிறைய பேர் "நீயே செட் பண்ணி குடுப்பா"ன்னு கடைக்கார தம்பிகிட்டயே நீட்டிடுறாங்க. தயவுசெஞ்சு அத நீங்களே பாத்து அமுக்குங்க. நமக்கு அந்த உரிமை வந்ததுக்குப் பின்னாடி பெரிய வழக்கே இருக்கு.

ஆண்ட்ராய்டோட அடிப்படை கோடு ஓப்பன் சோர்ஸ், யார் வேணா எடுத்து மாத்தி சொந்த ஓஎஸ் (போன ஓட்டுற அடிப்படை மென்பொருள்) செய்யலாம். ஆப்பிள் ஐஓஎஸ்ஸ வேற கம்பெனி போன்ல போட தரவே தராது. அப்போ ஓப்பன் பக்கம் போட்டி தானா வந்திருக்கணும்ல? வரல. கோடு சும்மா கெடைக்கும், ப்ளே ஸ்டோர் அப்படி கெடைக்காது, அதுக்கு கூகுள்கூட அக்ரிமெண்ட் போடணும், வழக்கு வந்தப்போ, அத போட்டா சர்ச், குரோம், யூட்யூப்னு மொத்த மூட்டையையும் ஏத்த வேண்டியிருந்துச்சு, மாத்தி எழுதின ஆண்ட்ராய்டுல போன் விக்க மாட்டேன்னும் ஒத்துக்க வேண்டியிருந்துச்சு. ப்ளே ஸ்டோர் இல்லாத போன யாரு வாங்குவா, சொல்லுங்க.

இத எதிர்த்து சிசிஐ, அதாவது இந்திய போட்டி ஆணையத்துக்குப் போனது பெரிய கம்பெனி எதுவும் இல்ல, 3 தனி நபர்கள். 2022 அக்டோபர் 20 அன்னிக்கு ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, நடைமுறைய மாத்தச் சொல்லி சில உத்தரவும் போட்டுச்சு. 'எங்களுக்குத்தான் ஆப்பிள் போட்டி இருக்கே'ன்னு கூகுள் வாதாடுச்சு. ஆணையம் சொன்னது எனக்கு ரொம்ப சரியா பட்டுச்சு: போன் தயாரிக்கிற கம்பெனி ஐஓஎஸ்ஸ வாங்கவே முடியாது, அதனால அவங்களுக்கு அது மாற்றே இல்ல.

2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இந்த உத்தரவுக்கு தடை குடுக்க மறுத்ததும் கூகுள் இறங்கி வந்துச்சு. போன் கம்பெனிங்க இப்போ வேணுங்கிற கூகுள் ஆப்ப மட்டும் தனியா எடுத்துக்கலாம், நமக்கு சர்ச் இன்ஜின் சாய்ஸ் வந்துச்சு. ஆனா அதே வருஷம் மார்ச் 29ல மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அபராதத்த அப்படியே வச்சுட்டு ஆணையம் போட்ட உத்தரவுல 4 உத்தரவ ரத்து பண்ணிடுச்சு. அதுல ரெண்டு நமக்கு நேரா நஷ்டம்: கூடவே வர்ற கூகுள் ஆப்ப முழுசா அழிக்கிற வசதி, ப்ளே ஸ்டோருக்குள்ளயே வேற ஆப் ஸ்டோர். செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போயி டிஸேபிள் பண்ணலாம், அவ்ளோதான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஏன் முக்கியம்னா, ஐஐடி மெட்ராஸ்ல வளர்ந்த கம்பெனி செஞ்ச பார் ஓஎஸ்ஸும் (BharOS) அதே ஓப்பன் கோடுல இருந்து வந்ததுதான், கூடவே எந்த ஆப்பையும் திணிக்காது. இந்த மாதிரி ஓஎஸ் கடையில விக்கிற போனுக்குள்ள வரணும்னா அந்த மாதிரி அக்ரிமெண்ட் கட்டு இருக்கவே கூடாது.

இதே மாதிரி ஒரு கம்பெனி சந்தைய அடைச்சு வச்சிருக்குன்னு உங்ககிட்ட ஆதாரம் இருந்தா நீங்களும் சிசிஐக்கு எழுதலாம், வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல, ஃபீஸ் உண்டு, தென்மாநிலங்களுக்கான ஆபீஸ் சென்னையிலேயே இருக்கு. உங்க போன் ரிப்பேர், வாரண்டி தகராறெல்லாம் அங்க எடுக்க மாட்டாங்க, அதுக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. பழைய போன் வச்சிருக்கவங்க குரோம்ல மேல இருக்கிற 3 புள்ளிய தொட்டு செட்டிங்ஸ்ல சர்ச் இன்ஜின இன்னிக்கே மாத்திக்கலாம்.