உப்பளத்தில் ஒளிந்திருக்கும் ஐங்கோணங்கள்

“தூத்துக்குடி போகும்போது உப்பளப் பாத்தியில் தண்ணீர் ரோஸ் கலரில் கிடந்தது. தண்ணி சிவந்தால் ஊருக்கு ஆகாது என்கிறார் அப்பத்தா. உண்மையா?” திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

ஊருக்கு ஒன்றும் ஆகாது. வெயிலில் நீர் வற்றி உப்பு ஏற ஏற, மற்ற உயிர்கள் ஒதுங்கிவிடும். டுனாலியெல்லா என்ற பாசியும், ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும்தான் அதில் தாக்குப்பிடித்துப் பெருகும். இரண்டிலும் கரோட்டின் வகை நிறமிகள் உண்டு. சிவப்புக்குக் காரணம் அவ்வளவுதான். ஆர்க்கியாவைப் பாக்டீரியாவின் உறவு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது தனிக் குலம் என்று விஞ்ஞானிகள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் காட்டினார்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவின் செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்ற வலை போன்ற பொருள் இருக்கும். பென்சிலின் கெடுப்பது அதன் கட்டுமானத்தைத்தான். ஆர்க்கியாவிடம் அது கிடையாது. பெரும்பாலான ஆர்க்கியாக்களுக்குச் சுவர் என்று இருப்பதே ‘எஸ்-லேயர்’ எனப்படும் ஒற்றைப் புரத அடுக்கு. ஒரே புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகள் படிகத்தைப் போல ஒழுங்காகச் சேர்ந்து செல் முழுவதையும் போர்த்துகின்றன. இடையிடையே உள்ள துளைகள் சில நானோமீட்டர்தான். சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகும், பெரியவை வெளியே நின்றுவிடும்.

சாக்கடலிலிருந்து பிரித்தெடுத்து 1975-இல் விவரிக்கப்பட்ட ஓர் ஆர்க்கியாவின் பெயர் இன்று ஹாலோஃபெராக்ஸ் வால்கனி. அதன் எஸ்-லேயர் புரதத்தின் அணு அளவிலான வடிவம் 2021-இல் வெளிவந்தது. மாதிரியை உறையவைத்து எலக்ட்ரான்களால் படமெடுக்கும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உபயம். ஒவ்வொரு புரதத்திலும் ஆறு பகுதிகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. புரதச் சங்கிலி மடிந்து நிற்கும் விதத்தை மடிப்பு என்பார்கள். ஒவ்வொன்றின் மடிப்பும் நம் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடிகளில் இருக்கும் அதே வகை மடிப்பு! இப்படி ஆறு புரதங்கள் கூடினால் ஓர் அறுகோணம். இவற்றைக் கலையவிடாமல் வைத்திருப்பது கால்சியம். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கலந்தால் உறை கழன்று வந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். அறுகோணங்களை மட்டும் வைத்துச் சமதளத்தை இடைவெளியில்லாமல் நிரப்பலாம். பந்து போல மூடிய பரப்பை நிரப்ப முடியாது. எத்தனை ஆயிரம் அறுகோணம் இருந்தாலும் நடுவே குறைந்தது 12 ஐங்கோணங்கள் வந்தால்தான் பரப்பு வளைந்து மூடிக்கொள்ளும். 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காலத்துக் கணக்கு இது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பையன்கள் உதைக்கிற பழைய மாடல் கால்பந்தை வாங்கிக் கறுப்பு ஐங்கோணத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள், சரியாக 12.

செல்லின் படங்களிலும் ஆங்காங்கே ஆறுக்குப் பதில் ஐந்து புரதங்கள் கூடி நிற்பது தெரிந்தது. அதே புரதம்தான், ஐங்கோணத்துக்கென்று தனிச் சரக்கு கிடையாது. பந்து தைப்பவருக்கு இரண்டு வடிவில் துண்டு வேண்டும். இந்த உயிரியோ ஒரே புரதத்தின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றியே வளைவைச் சமாளித்துவிடுகிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

இவ்வகை நுண்ணோக்கி கோடிக்கணக்கில் விலை. எல்லாக் கல்லூரிக்கும் அது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய் உப்பளத்து நீரை எடுத்துவந்து வளர்த்துப் பார்க்க எவ்வளவு ஆகிவிடும்? அந்தச் சின்னத் தொகைக்கும் நம் மாணவர்கள் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

அப்புறம், மாணவியின் இன்னொரு கேள்வி: இந்த உப்பைச் சாப்பிடலாமா? தாராளமாக. மனிதருக்கு நோய் தருவதாக எந்த ஆர்க்கியாவும் இதுவரை உறுதிப்படவில்லை. நல்ல தண்ணீரில் விழுந்தால் உப்பளத்து ஆர்க்கியாக்களில் பல வெடித்தே போகும். ஆனால் கருவாட்டில் ரோஸ் நிறத் திட்டு படர்ந்திருந்தால் வாங்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் இந்தக் குலத்தின் வேலைதான்; கருவாடு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.