இலாசுலைட்டு நீலக்கல் அன்று

பிழைதிருத்தத்துக்காக என்னிடம் வந்த கனிமவியல் மொழிபெயர்ப்பு ஒன்றில், நீலக்கல்லின் கடினத்தன்மை (கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோவு அளவுகோலில்) 5.5 முதல் 6 வரை என்று ஒரு பக்கத்தில் இருந்தது. சில பக்கங்கள் தள்ளி, அதே நீலக்கல்லின் கடினத்தன்மை 9 என்று இருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்து மூலத்தை எடுத்துப் பார்த்தேன். எண்கள் இரண்டும் சரியாகவே இருந்தன, பெயர்தான் தவறு. முதற்பக்கத்தில் பேசப்பட்டது இலாசுலைட்டு என்னும் அரிய பாசுபேட்டுக் கனிமம். பின்பக்கத்தில் பேசப்பட்டது நவமணிகளுள் ஒன்றாகிய நீலம். போதாக்குறைக்கு, செம்புத் தாதுக்களைப் பற்றிய இயலில் நீல நிறச் செம்புக் கார்பனேட்டாகிய அசுரைட்டும் நீலக்கல்லாகவே வந்து நின்றது. இப்படி எழுதுவதை நான் பார்ப்பது இது முதன்முறையன்று. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் திருத்திக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். இம்முறை காரணங்களோடு எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இலாசுலைட்டு என்பது மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த பாசுபேட்டு. அதன் வாய்பாட்டில் ஒரு மக்னீசிய அணுவுக்கு இரண்டு அலுமினிய அணுக்களும், இரண்டு பாசுபேட்டுத் தொகுதிகளும், இரண்டு ஐதராக்சைல் தொகுதிகளும் உண்டு. மக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு சிறிது சிறிதாகப் புகுந்துகொள்ளும். இரும்பின் பங்கு மக்னீசியத்தை மிஞ்சிவிட்டால் அதற்குச் சுகோர்சலைட்டு என்று வேறு பெயர். ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்த இக்கனிமம், நன்கு வளர வாய்த்த இடத்தில், இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியதுபோன்ற கூர்முனைப் படிகங்களாகக் கிடைக்கும். பெரும்பாலும் பாறைக்குள் உருவமற்ற மணிகளாகவும் திரளைகளாகவுமே இருக்கும். நீரைப் போல ஏறத்தாழ 3.1 மடங்கு அடர்த்தி, கண்ணாடி போன்ற மிளிர்வு, எளிதில் நொறுங்கும் இயல்பு ஆகியவை இதன் பிற பண்புகள்.

நீலம் வருவது இரும்பினால். ஈரிணைதிற இரும்பிலிருந்து அடுத்துள்ள மூவிணைதிற இரும்புக்கு மின்னணு ஒன்று தாவும்போது ஒளியின் செம்பகுதி உறிஞ்சப்பட, எஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு எட்டுகிறது. ஆனால் அந்த நீலம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. மெல்லிய சீவலாகத் தேய்த்த இலாசுலைட்டை முனைவாக்கிய ஒளியில் வைத்து, நுண்ணோக்கியின் மேடையை மெல்லச் சுழற்றினால், ஆழ்ந்த நீலமாக இருந்த மணி கண்ணெதிரே வெளுத்து, ஏறக்குறைய நிறமற்றதாகி, மேலும் சுழற்றினால் மறுபடியும் நீலமாகும். நிறத்தை மட்டுமே நம்பி இதற்குப் பெயர் வைக்க முனைவோர் ஒருமுறையாவது அதைப் பார்த்திருக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாரசீகத்தில் லாஜ்வர்த் என்றால், ஆப்கானித்தானின் பதக்சான் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்பட்ட நீல நிற அலங்காரக் கல். அச்சொல் அரபு வழியாக இடைக்கால இலத்தீனுக்குப் போய் இலாசுலம் ஆயிற்று. கல் என்று பொருள்படும் இலாப்பிசு என்பதோடு சேர்ந்து, இலாப்பிசு இலாசுலி என்ற வழக்கும் வந்தது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் முதலெழுத்தாகிய லகரத்தைச் சுட்டிடைச்சொல் என்று மயங்கி விட்டுவிட்டதால், நீல நிறத்தைக் குறிக்கும் அசூர் என்ற சொல் பிறந்தது. செருமானிய வேதியியலாளர் மார்ட்டின் ஐன்ரிச் கிளாப்ராத்து 1795-ஆம் ஆண்டு, ஆசுத்திரியாவின் சுட்டீரியப் பகுதியில் கிடைத்த கனிமத்துக்கு இந்த வேரிலிருந்தே பெயரிட்டார். தைட்டானியத்துக்கும் அதே ஆண்டில் பெயரிட்டவர் அவர்தான்.

ஆக, இலாசுலைட்டு, இலாப்பிசு இலாசுலிக்கு நீல நிறம் தரும் கனிமமாகிய இலாசுரைட்டு, அசுரைட்டு ஆகிய மூன்றும் ஒரே பாரசீகச் சொல்லின் மக்கள். மூன்றுக்கும் வேர்ப்பொருள் ஒன்றே. இதனால்தான் வேர்ப்பொருளை மொழிபெயர்த்துக் கலைச்சொல் ஆக்கும் வழி இங்கே முற்றாகத் தோற்றுப்போகிறது. அப்படி மொழிபெயர்த்தால் மூன்று கனிமங்களுக்கும் ஒரே தமிழ்ப்பெயர்தான் கிடைக்கும். அந்த ஒரு பெயரும் வேறொரு மணிக்கு நெடுங்காலமாக உரியது.

நீலக்கல் என்ற பெயரை எதிர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணமும் உண்டு. அலுமினியம் மிகுந்த உருமாறிய பாறைகளிலும், படிகக்கல் நாளங்களிலும், பெக்மடைட்டுகள் என்னும் பெருமணித் தீப்பாறைகளிலும் இலாசுலைட்டு கிடைக்கிறது. அத்தகைய பாறைகளில் அதனோடு கூடவே காணப்படும் கனிமங்கள் கயனைட்டு, அந்தலுசைட்டு, உரூட்டைல், குருந்தம் முதலியன. குருந்தத்தின் நீல வகையே நாம் நீலம் என்றும் நீலக்கல் என்றும் வழங்கும் மணி. கயனைட்டு என்ற பெயருக்கும் கிரேக்கத்தில் நீலம் என்றே பொருள். இலாசுலைட்டை நீலக்கல் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், கயனைட்டுக்கும் அதே முறையைக் கையாண்டால், நீலக்கல்லும் நீலக்கல்லும் நீலக்கல்லோடு சேர்ந்து கிடைக்கின்றன என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அமெரிக்காவின் சியார்சியா மாநிலத்துக் கிரேவ்சு மலையைப் பற்றி எழுதும்போது இந்தச் சிக்கல் உண்மையிலேயே எழுகிறது; இலாசுலைட்டும் கயனைட்டும் உரூட்டைலும் ஒருங்கே கிடைப்பதால்தான் அந்த மலையே புகழ்பெற்றது.

இதற்கு மாற்றாக வான்நீலக்கல், விண்ணீலக்கல் என்ற ஆக்கங்களை முன்வைப்போர் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆயினும் அவை நிற்பது ஒரு தவறான செய்தியின்மேல். இலாசுலைட்டு என்ற பெயருக்கு வானம் என்று பொருள் என்று பல மணிக்கல் கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. மூலச்சொல் குறித்தது கல்லை. பிறகு அக்கல்லின் நிறத்தை. அந்த நிறத்தின் பெயரால் வானத்தைப் பாடத் தொடங்கியது அதற்கும் பிறகு. கடைசியில் வந்ததை முதலில் வைத்துக் கலைச்சொல் கட்டுவது முறையன்று. அதுமட்டுமன்றி, இலத்தீனில் வானத்துக்குரியது என்ற பொருளிலேயே பெயர் பெற்ற கனிமம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அது செலசுட்டைன், இசுட்ரான்சியம் என்னும் தனிமத்தின் சல்பேட்டு. வானம் என்ற சொல்லை இலாசுலைட்டுக்குக் கொடுத்துவிட்டால், நாளை செலசுட்டைனுக்கு என்ன கொடுப்பது? இப்படிப் பார்க்காமல் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து மொழிபெயர்ப்பதால்தான் நம் கலைச்சொல் பட்டியல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு கலைச்சொல்லைப் படைப்பவர் அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டுதான் படைக்க வேண்டும்.

பெயர் மயங்கினால் என்ன கெட்டுவிடும், படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஆய்வுக்கூட மேசையையே காட்டுவேன். மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மூன்று கனிமங்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். அசுரைட்டும் இலாசுரைட்டும் நீலக் கீற்று விடும். இலாசுலைட்டின் கீற்றோ வெள்ளை. மூன்றிலும் துளி ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். அசுரைட்டு கார்பனேட்டு ஆதலால் நுரைத்துப் பொங்கும். இலாசுரைட்டு கந்தகம் கொண்ட சிலிக்கேட்டு ஆதலால் அழுகிய முட்டை நாற்றம் எழும். இலாசுலைட்டு அசையாமல் கிடக்கும்; சூடான அமிலத்தில்கூட மெல்லத்தான் கரையும். ஊதுகுழல் தீயில் காட்டினால் அது உருகாமல் வெளுத்து, விரிசல் விட்டு, உப்பித் துண்டு துண்டாக உதிரும். தீயின் நிறம் நீலப்பச்சையாக மாறும். சூடாக்கிய குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளி அரும்பும். நீலக்கல் என்ற ஒரே பெயரின் கீழ் இத்தனை முரண்பட்ட விடைகளை எழுதிவைத்தால், அதைப் படிக்கும் மாணவர் தம் சோதனையைத்தான் ஐயுறுவார். புத்தகத்தை ஐயுற மாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இலாசுலைட்டுக்கு இராசாவர்த்தம் என்ற பெயர் ஏன் ஆகாது என்றும் ஒருவர் கேட்டார். ஆகாது. வடமொழி இரசவாத மருத்துவ நூல்களில் அப்பெயர் இலாப்பிசு இலாசுலியைக் குறிப்பது. அது தனிக்கனிமமன்று, நீல இலாசுரைட்டும், வெள்ளைக் கால்சைட்டும், பொன்துகள்போல் மின்னும் பைரைட்டும் கலந்த பாறை. அந்தப் பாறைக்கு இராசாவர்த்தக் கல் என்ற வழக்கை நாம் தாராளமாக மீட்டெடுக்கலாம், மீட்டெடுக்கவும் வேண்டும். ஆனால் பாறைக்கு உரிய பெயரை, அதில் இல்லாத ஒரு பாசுபேட்டுக் கனிமத்தின் தலையில் ஏற்றுவது பழைய குழப்பத்துக்குப் பதிலாகப் புதுக்குழப்பம்.

இனி நீலப் பாசுபேட்டு என்ற ஆக்கம். மற்றவற்றைவிட இது மேல், ஏனெனில் வேதியியலைத் தொடுகிறது. ஆயினும் நீல நிறப் பாசுபேட்டுகள் பல. செம்பும் அலுமினியமும் சேர்ந்த பேரோசனை என்னும் மணிக்கல் ஒன்று. காற்றுப்பட நீலமேறும் இரும்புப் பாசுபேட்டாகிய விவியனைட்டு ஒன்று. சரி, நீல மக்னீசியப் பாசுபேட்டு என்று சொல்லலாமே என்றால், கனடாவின் யூக்கான் பகுதியில் உள்ள பெரிய மீனாற்றுச் சூழலிலிருந்து முதன்முதல் அறியப்பட்ட பாரிசைட்டு வெளிர்நீல மக்னீசியப் பாசுபேட்டாக வந்து குறுக்கே நிற்கிறது. அதே வட்டாரத்தில்தான், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, இரேப்பிடு ஓடைக் கரைகளில், உலகின் மிகச் சிறந்த இலாசுலைட்டுப் படிகங்கள் சில கிடைக்கின்றன. 1976-இல் யூக்கான் அதைத் தன் அதிகாரமுறை மணிக்கல்லாகவே ஏற்றுக்கொண்டது. ஆகவே அலுமினியத்தையும் சேர்த்து, நீல நிற மக்னீசிய அலுமினியப் பாசுபேட்டு என்று சொன்னால்தான் ஐயம் நீங்கும். ஆனால் அது விளக்கம், பெயராகாது. முதல்முறை குறிப்பிடும் இடத்தில் அந்த விளக்கத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பெயரை வழங்குவதே தக்கது.

அந்தப் பெயர் இலாசுலைட்டு என்பதே என் முடிவு. லாசுலைட், லாஸுலைட், லேசுலைட் என்று பலவாறு எழுதுகிறார்கள். லகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. அப்படி வரும் பிறமொழிச் சொல்லுக்கு இகரத்தையோ உகரத்தையோ முன்னே சேர்த்துக்கொள்ள நன்னூல் வழி சொல்கிறது. இலாபம், இலட்சம், உலோபம் என்று நாம் எழுதிவருவதெல்லாம் அந்த வழியில்தான். டகர மெய்யில் சொல்லை முடிக்காமல் உகரம் சேர்த்து ட்டு என்று முடிப்பதும் அவ்வாறே. இலாசுலைட்டு, இலாசுரைட்டு என்று ஓரெழுத்து வேறுபாடே நிற்பது ஒரு குறைதான். அக்குறை கிளாப்ராத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து இலாசுரைட்டுக்குப் பெயரிட்டவர்களால் வந்தது. அதை நாம் திருத்த முடியாது. அச்சுக்குப் போகுமுன் அவ்வெழுத்தை இருமுறை சரிபார்க்கலாம்.

இதே மொழிபெயர்ப்பில் வேறு சில பிழைகளையும் கண்டேன். இலாசுலைட்டைப் பற்றியவை ஆதலால் சொல்கிறேன். அரிய கனிமம் என்று இருக்க வேண்டிய இடத்தில் அருமண் கனிமம் என்று எழுதியிருந்தார்கள். அருமண் என்பது இலாந்தனம், சீரியம் முதலிய தனிமங்களின் தொகுதிப்பெயர். இலாசுலைட்டின் வாய்பாட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. பாசுபேட்டு என்ற இடத்தில் பாசுபரசுக் கல் என்று இருந்தது. பாசுபரசு தனிமம், பாசுபேட்டு அது ஆக்சிசனோடு சேர்ந்த தொகுதி. இரண்டையும் ஒன்றாக்குவது உப்புக்குச் சோடியம் என்று பெயரிடுவது போன்றது. அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் இருக்கும்வரை இவை வந்துகொண்டே இருக்கும்.

ஒலிபெயர்ப்பு தமிழுக்கு இழுக்கு என்று கருதும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நீலமும் மாணிக்கமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் நம்முடைய குருந்தத்திலிருந்து போனது. அவர்கள் அச்சொல்லின் வேரைத் தேடி மொழிபெயர்க்கவில்லை. தம் நாவுக்கேற்ப ஒலியைச் சிறிது மாற்றி அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். திருத்தி அனுப்பிய படியின் சொல்லடைவில், நீலக்கல் என்ற பதிவுக்கு எதிரே குருந்தம் உள்ள பக்க எண்களை மட்டும் விட்டுவைத்தேன். மற்ற எண்களை இலாசுலைட்டு, அசுரைட்டு என்று இரண்டு புதிய பதிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.