ஒரே நிகழ்ச்சி, இரண்டு அலைவரிசை

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் ஏஎம் வானொலி, தன் எண்ணோடு 97.9 எஃப்எம் என்றும் சேர்த்து அறிவிக்கிறது. ஒரே நிகழ்ச்சி இரண்டு இடங்களில் எப்படி வருகிறது?”

எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் என்ற சிறிய மறு ஒலிபரப்புக் கருவி செய்யும் வேலை அது. அதன் கதிர்வீச்சுத் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது.

ஏஎம் நிலையத்துக்கு இது எதற்கு? பகலில், வானில் உயரத்தே உள்ள அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு ஏஎம் அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலைகள் இன்னும் மேலே போய் எதிரொளித்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையங்களைக் கெடுக்கும். அதனால் இரவானால் பல ஏஎம் நிலையங்கள் திறனைக் குறைக்கின்றன. சில நிறுத்தியே விடுகின்றன. 2009இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, டிரான்ஸ்லேட்டரைப் பயன்படுத்த இவற்றுக்கு அனுமதி தந்தது. பகலில் மட்டும் இயங்கும் நிலையமும் இப்போது அதன் வழியாக இரவில் ஒலிக்கலாம்.

எஃப்எம் நிலையம் ஒன்றை இன்னொரு எஃப்எம் அலைவரிசைக்கு மாற்றும் பழைய முறையில்தான் என் மனம் லயித்துப்போகிறது. வாங்கிய அதிர்வெண்ணிலேயே திருப்பி அனுப்பினால், கருவி தன் குரலைத் தானே வாங்கிச் சுழலும். எண்ணை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு கோசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் பிறக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அலைகளும் அப்படித்தான். உதாரணமாக, வரும் 91.5 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கருவிக்குள் உண்டாக்கிய 80.8ஐப் பெருக்கினால், வித்தியாசமாக 10.7 கிடைக்கிறது. அதை 87.2உடன் பெருக்கினால் கூட்டுத்தொகை 97.9. வேண்டாத அலைகளை வடிகட்டிவிடலாம்.

பாட்டு எங்கே போயிற்று? எஃப்எம்மில் ஒலி என்பது அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கம். ஒரு கணத்தில் அலை 91.55க்கு ஏறினால், 10.75 வழியாக 97.95 ஆகிறது. ஏறிய அளவு அதே 0.05தான். கருவிக்குள் எங்குமே அலை ஒலியாக மாறவில்லை. ஆனாலும் ஒரு சுரம்கூடச் சிதையவில்லை! வெறும் கூட்டல் கழித்தல் இவ்வளவு செய்யும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஏஎம்முக்கு இந்த வழி உதவாது. அங்கே ஒலி இருப்பது அலையின் வீச்சில், அதாவது அலை எவ்வளவு உயரம் எழுகிறது என்பதில். எஃப்எம் பெட்டியோ வீச்சு மாற்றங்களை இரைச்சல் என்று வெட்டி எறிந்துவிடும். ஆகவே நிகழ்ச்சியை ஒலியாகவே எடுத்து, புதிதாக எஃப்எம் அலையில் ஏற்றுகிறார்கள். டிஜிட்டலிலும் இதே கதைதான். எச்டி ரேடியோ நிலையங்கள் தங்கள் எஃப்எம் அலையின் இருபுறமும் டிஜிட்டல் கற்றைகளை அனுப்பி, அவற்றில் கூடுதல் அலைவரிசைகளையும் தருகின்றன. அதைக் கேட்க எச்டி பெட்டி வேண்டும். டிரான்ஸ்லேட்டர் அதைப் பிரித்துச் சாதாரண எஃப்எம்மாகக் கொடுத்துவிடுகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நொடிந்துபோன ஏஎம் நிலையத்துக்கு இந்த வசதி நியாயம். பெரிய நிறுவனங்கள் டிஜிட்டல் துணை அலைவரிசையைக் காட்டி ஊருக்குள் இன்னொரு எஃப்எம் இடத்தைப் பிடிப்பது நியாயமா? அதே இடத்துக்குத்தான் 100 வாட் சமூக வானொலிகளும் காத்திருக்கின்றன. 2003இல் விண்ணப்பம் கோரியபோது டிரான்ஸ்லேட்டருக்கு மட்டும் சுமார் 13,000 மனுக்கள் குவிந்தன. 2011இல் கையெழுத்தான சட்டம் இரண்டையும் சமநிலையில் வைத்தது. சொந்தமாக நிகழ்ச்சி தயாரிக்கும் சமூக வானொலிக்கே முதலிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன்.