உலோகப்போலி

உலோகத்தின் சாயல் கொண்டும் முழு உலோகமாகாத தனிமம். போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகியவற்றைப் பொதுவாக இதில் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் ‘மெட்டலாய்டு’; அதன் பிற்பகுதி ‘உருவம், சாயல்’ எனப் பொருள்படும் ‘ஐடோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

பொருள் பல தடவை மாறியிருக்கிறது. அப்போதுதான் பிரித்தெடுக்கப்பட்டிருந்த சோடியம், பொட்டாசியம் இரண்டுக்கும் 1808-இல் எர்மான், சைமன் என்ற அறிஞர்கள் இந்தப் பெயரைச் சொன்னார்கள். தண்ணீரில் மிதக்கும் பொருளை உலோகம் என்று ஏற்க அன்று தயக்கம் இருந்தது. 1811-இல் வேதியியலாளர் பெர்சீலியஸ் இதையே அலோகங்களுக்கு வைத்தார். இன்றைய பொருள் நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

‘போலி’ என்றதும் கள்ளநோட்டு நினைவுக்கு வருகிறதே என்று தயங்க வேண்டாம். ‘போல்’ என்ற அடியில் பிறந்த சொல் இது. ‘அறம்’ என்பது ‘அறன்’ ஆவதை இலக்கணம் கடைப்போலி என்கிறதே, அந்தப் போலி. பாடநூல்களிலும் ஊன்றிவிட்ட நல்ல சொல்.

அலுமினியம் என்ற உலோகத்துக்கும் போரான் என்ற உலோகப்போலிக்கும் உள்ள வேறுபாடு எரியும்போது பளிச்சென்று தெரியும். ராக்கெட்டின் திண்ம உந்துபொருளில் வெப்பத்தைக் கூட்ட அலுமினியத் தூள் கலப்பது வழக்கம், பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையிலும் அது உண்டு. ஒரு கிராம் அலுமினியம் முழுதாக எரிந்தால் சுமார் 31 கிலோஜூல் கிடைக்கும், போரானில் ஏறத்தாழ 58. ஆனால் அந்த 58-ஐக் கறப்பது பெரும்பாடு. அலுமினியம் ஆவியாகித் துகளைச் சுற்றிச் சுடராக எரியும். போரான் கொதிக்கவே 4,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். எனவே அது பெரும்பாலும் மேற்பரப்பிலேதான் எரிந்தாக வேண்டும். அந்த மேற்பரப்பையோ போரான் ஆக்சைடு மூடிக்கொள்கிறது. சுமார் 450 டிகிரியிலேயே உருகிவிடும் அந்த ஆக்சைடு, பிசுபிசுத்த குழம்பாகத் துகளைப் போர்த்தி ஆக்சிஜனை மறிக்கிறது. அதனால் துகள் இரண்டு கட்டமாகப் பற்றும்: முதலில் சற்று ஒளிர்ந்து மங்கும், சூடேறி அந்தப் போர்வை ஆவியாகி விலகிய பிறகே முழு வேகத்தில் எரியும். அதற்குள் துகள் நாசில் (வாயு பீறிடும் வாய்) வழியே வெளியேறிவிட்டால் வெப்பமெல்லாம் வீண். வெளிக்காற்றை உள்ளிழுத்து இரண்டாவது அறையில் எரிக்கும் எஞ்சின்களில் போரானுக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பாவின் மீட்டியார் ஏவுகணை அப்படிப்பட்டது.

ராக்கெட்டில் தொல்லை தரும், உருகிப் போர்த்திக்கொள்ளும் இந்தக் குணம் நகைப்பட்டறையில் உதவுகிறது. ஆசாரி பற்றவைக்கும் இடத்தில் தடவும் வெங்காரம் போரானின் உப்பு, அதாவது போராக்ஸ். ஊதும்போது அது உருகிப் படர்ந்து, ஆக்சைடு அழுக்கைக் கரைத்து, காற்றுப் படாமல் காக்கிறது.

போரானுக்குப் பெயர் வந்ததும் போராக்ஸிலிருந்துதான். அதன் மூலம் அரபியின் ‘பூரக்’. வெங்காரத்தை ஒட்டித் தனிமத்துக்கும் ஒரு தமிழ்ப் பெயர் ஆக்கலாமே என்று தோன்றும். ஆனால் பட்டறையிலும் சித்த மருத்துவத்திலும் வெங்காரம் என்றால் அந்த உப்புதான். தனிமத்தைப் போரான் என்றே எழுதுவது குழப்பமில்லாதது.