பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் திரும்பி வரும் மனுக்களும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மத்திய அரசு அலுவலகம் ஒன்றிடம் தகவல் கேட்கக் கட்டணம் 10 ரூபாய். ரயில்வே, வருங்கால வைப்பு நிதி, பாஸ்போர்ட் அலுவலகம் என எதுவானாலும் இதே தொகைதான். வரைவோலைக்கு வங்கி அதைவிட அதிகக் கமிஷன் கேட்பதால், தபாலில் மனு அனுப்புவோர், அஞ்சலகத்தில் பணம் கட்டி வாங்கும் பணத்தாளான போஸ்டல் ஆர்டரையே நாடுகிறார்கள். மனுவில் ஒரு குறையும் இல்லாதபோதும் இந்தச் சிறு தாளைக் காரணம் காட்டியே பலருடைய மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன.

பெறுநர் பெயரில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். மனு, அலுவலகத்தில் தகவல் தரும் பொறுப்பிலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்குப் போகிறது என்பதற்காகப் போஸ்டல் ஆர்டரிலும் அவருடைய பதவியை எழுதிவிடுகிறார்கள். விதிப்படி அங்கே எழுத வேண்டியது ‘அக்கவுண்ட்ஸ் ஆஃபீசர்’ என்ற பதவியும் அந்த அலுவலகத்தின் பெயரும் மட்டுமே. அதிகாரியின் சொந்தப் பெயரை எழுதவே கூடாது. அவர் மாற்றலாகிப் போனால் தாளும் பயனற்றுப் போகும். அடித்துத் திருத்துவதும் ஆபத்து என்பதால், முதலில் வேறொரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

அடுத்தது கையொப்பம். போஸ்டல் ஆர்டரில் காணப்படும் கையொப்ப இடம் பணத்தைப் பெறுபவருக்கு உரியது, வாங்கி அனுப்புகிறவருக்கு அல்ல. வெற்றிடத்தைக் கண்டவுடன் பேனாவை வைத்துவிடாதீர்கள். உங்கள் கையொப்பத்துக்கு இடம் மனுவின் அடியில்தான். அனுப்புநர் பெயர், முகவரிக்கு உரிய இடத்தில் மட்டும் உங்கள் விவரத்தை எழுதுங்கள்.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அஞ்சலகத்தின் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கட்டையைக் கிழித்துப் பத்திரப்படுத்தி, போஸ்டல் ஆர்டரின் எண்ணையும் தேதியையும் மனுவிலேயே குறிப்பிட்டு, மனுவையும் போஸ்டல் ஆர்டரையும் நகலெடுத்த பிறகு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ‘கட்டணம் இணைக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் உங்களிடம் உள்ள சான்று அந்த நகல்களும் அடிக்கட்டையும்தான். பத்து ரூபாய்த் தாள் இருப்பில் இல்லை என்று அஞ்சலகத்தில் கைவிரித்தால் (அடிக்கடி கைவிரிப்பார்கள்) ஐந்து ரூபாய்த் தாள்கள் இரண்டு போதும், இரண்டையும் ஒரே மாதிரி நிரப்புங்கள்.

சரியாக எழுதியும், ‘எங்கள் பிரிவு அதிகாரி பெயரில் எடுத்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. அப்படித் திருப்புவது மனுவை ஏற்க மறுப்பதாகவே கருதப்படலாம் என்று மத்தியப் பணியாளர் துறை பல ஆண்டுகளுக்கு முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தும் இது தொடர்கிறது. புதிய போஸ்டல் ஆர்டர் வாங்க ஓடாமல், திரும்பி வந்த கடிதத்தையும் உறையையும் இணைத்து, பிரிவு 18-இன் கீழ் மத்தியத் தகவல் ஆணையத்திடம் புகார் அளியுங்கள். நியாயமான காரணமின்றி மனுவை மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

தமிழக அரசு அலுவலகங்களுக்கு எழுதுவோர் போஸ்டல் ஆர்டரைத் தேடி அலைய வேண்டாம். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினாலே போதும்.