எட்டு வயதுத் தொண்டையும் டிவி நட்சத்திரங்களும்

அந்தப் பிள்ளை உள்ளே வந்து "ஹலோ ஆன்ட்டி" என்றபோது நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ வயதானவர் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலையைத் தூக்கினால், பள்ளிச் சீருடையில் எட்டு வயதுப் பெண். குரல் கரகரத்து, பாதியில் காற்றாகிப் போயிருந்தது. கூடவே அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆயாவும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ் வீடுகளில் பாட்டி என்று சொல்பவர்கள் குறைவு, ஆயாதான்.

"காலையிலே நல்லாத்தாம்மா இருக்கும். சாயங்காலம் டிவியைப் போட்டுக்கிட்டு அதுகூடச் சேர்ந்து கத்துவா. ராத்திரி சோறு கேக்கக்கூடக் குரல் வராது" என்றார் ஆயா.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "கத்தல டாக்டர், பாடறா. நல்லாப் பாடுவா. எய்ஸ்டெட்ஃபோட் பாட்டுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கோம்."

நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இதைப் பல வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா வைத்து எடுத்த படத்தை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு குரல் நாண்களிலும் ஒன்றுக்கொன்று நேரெதிராக, அரிசி நொய் அளவில், வெளிறிய இரண்டு மேடுகள். நாடியூல் என்பார்கள். பிள்ளைகளுக்குக் குரல் நாள்பட்டுக் கம்மிக் கிடந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆயாவுக்கு இதைப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. நாம் பேசும்போது குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டி அதிர்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை சாதாரணமாகப் பேசும்போதே வினாடிக்கு ஏறக்குறைய 250 தடவை. பாட்டில் மேலே போகும்போது 500-ஐத் தாண்டும். அதோடு பலத்தைப் போட்டு அழுத்தினால், தட்டுகிற இடம் காய்த்துப்போகும். "கரும்பு வெட்டுற கையிலே காய்க்கிற மாதிரி" என்று நான் ஆரம்பிக்கும்போதே, "எங்க தாத்தா கையிலே இருந்துச்சு, தொட்டா கல்லு மாதிரி" என்று ஆயா முடித்துவைத்தார். பெரியவர்களின் குரல் நாணில் இருக்கும் அடுக்குகள் பிள்ளைகளுக்கு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பதின்ம வயதில்தான் அந்த வேலை முடியும். தாங்கும் சக்தி குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

"எப்பவும் பாடற பாட்டைப் பாடிக் காட்டு கண்ணு" என்றேன். எழுந்து நின்று என் மேசையிலிருந்த பென்சிலை மைக்காகப் பிடித்தாள், இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தாள். அமெரிக்க உச்சரிப்பு அச்சு அசலாக வந்தது. நான் பார்த்தது கழுத்தை. தோள் காது வரை ஏறியிருந்தது, முகவாய் முன்னால் நீண்டு நின்றது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. பாட்டு கீழே இறங்கும் இடத்தில் குரல் சரளைக்கல்லாக உருண்டது. பல்லவி வந்ததும் கத்தல். பிள்ளைக்குச் சுருதி தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். பாட்டு அவள் அளவுக்குத் தைத்ததில்லை, அவ்வளவுதான். கீழே இறங்கும் இடங்கள் வளர்ந்த பெண்ணின் குரலுக்கானவை. மேலே போகும் இடங்களில் பிள்ளைக்கு இயல்பாக வரும் மெல்லிய குரலை விட்டுவிட்டு, டிவி நட்சத்திரத்தைப் போலவே நெஞ்சுக் குரலை மேலே தள்ளுகிறாள்.

பாட்டு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நெட்பால் மைதானம் இருக்கிறது, தம்பியோடு சண்டை இருக்கிறது. எங்கள் வீடுகளில் சமையலறையிலிருந்து வாசலுக்குக் கூப்பிடுகிற பழக்கமும் இருக்கிறது. நாடியூல் பையன்களுக்குத்தான் அதிகம் வரும், அவர்கள் வெறுமனே கத்தியே வரவழைத்துக்கொள்வார்கள். ஆனால் சில பிள்ளைகள் வேறொருவருடைய குரலை அப்படியே தொண்டையில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குரல் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், எப்போதும் டிவியில்தான் போய் நிற்கும்.

இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான். அதில் விளம்பரம் வந்தது 1978-இல். ஆயா கல்யாணமாகி வந்தபோது வீட்டில் ரேடியோ மட்டும்தான். அம்மாவின் கதை வேறு. 2006-இல் டிஸ்னி சேனல் டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவை வழியாக இங்கே வந்தது. 'ஹன்னா மொன்டானா' தொடர் அமெரிக்காவில் தொடங்கியதும் அந்த வருடம்தான், மார்ச் மாதம். பகலில் சாதாரணப் பள்ளிக்கூடப் பெண், இரவில் பொன்னிற விக் வைத்த பாப் பாடகி. நடித்த மைலி சைரஸுக்கு அப்போது 13 வயது. அம்மாவுக்கும் 13. "எங்கிட்டயும் அந்த விக் இருந்துச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாமியாரைப் பார்த்து வெட்கப்பட்டார்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொடரில் ஒரு பாட்டு வரும். அடுத்த நிகழ்ச்சிக்கு முன்னால் அதே பாட்டு வீடியோவாக வரும். அப்புறம் ஆல்பம், கச்சேரி, பள்ளிப் பை, சாப்பாட்டு டப்பா. ஹன்னா மொன்டானாவின் முதல் ஆல்பம் 2006 அக்டோபரில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது. அந்த வருடம் அங்கே மிக அதிகமாக விற்ற ஆல்பமே, அதே சேனல் எடுத்த 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' என்ற டிவி படத்தின் பாட்டுகள்தான்.

வித்தை புதிதல்ல. 1966-இல் அமெரிக்க டிவிக்காக ஆள் தேர்ந்தெடுத்து உருவாக்கிய குழு மங்கீஸ். முதல் ஆல்பங்களில் வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். பையன்கள் "நாங்களே வாசிக்கிறோம்" என்று சண்டைக்கு நின்றார்கள். பாட்டுப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் வெளியேற வேண்டியதாயிற்று. மனிதர் அடுத்துப் போனது கார்ட்டூன் குழுவிடம், ஆர்ச்சீஸ். 1969-இல் அந்தக் கார்ட்டூன் குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கார்ட்டூன் சம்பளம் கேட்காது, வயதும் ஏறாது. அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் காலை உணவு டப்பாவின் அட்டையிலேயே அச்சாகி வந்தன. பிள்ளைகள் கத்தரித்து எடுத்துப் போட்டுக் கேட்டார்கள்.

என்னிடம் வந்த பிள்ளைக்குத் திரும்புகிறேன். முதல் வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: ஒரு மணி நேரம் டிவி பார்க்கும்போது, அந்த நட்சத்திரத்தின் பாட்டு காதில் விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்கு. தொடருக்குள்ளோ, "விரைவில்" என்று காட்டும் துண்டிலோ, பொம்மை விளம்பரத்திலோ, எங்கே வந்தாலும் கணக்கு. ஒரு கை விரல்கள் போதவில்லை என்று அம்மா வந்து சொன்னார். அவருக்கே ஆச்சரியம். பிள்ளைக்குத்தான் ஆச்சரியமே இல்லை. "அது விளம்பரம் இல்ல ஆன்ட்டி, அது அவளோட பாட்டு."

அவள் மேல் தப்பில்லை. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு விளம்பரம் தங்களை வாங்கத் தூண்டுகிறது என்பதே பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் அறிக்கையே கொடுத்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980 முதலே தடுத்துவைத்திருக்கிறது. சுவீடனில் 1991 முதல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டிவி விளம்பரம் கிடையாது. ஆனால் இந்தச் சட்டங்கள் பார்ப்பது நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் விளம்பரத்தை. நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால்? ஒட்டுப்போட்ட தையல் தெரியாத துணி அது. பெரியவர்களுக்கே தெரிவதில்லை, அம்மாவுக்கு 20 வருடம் ஆயிற்று.

தமிழ் சேனல் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். சிறுவர் பாட்டுப் போட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏர்டெல் இந்த நாட்டில் செல்பேசி சேவையே நடத்துவதில்லை. ஆனாலும் 'ஏர்டெல் சூப்பர் சிங்கர் ஜூனியர்' என்று முழுப் பெயரையும் மூச்சு விடாமல் சொன்ன டர்பன் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் பாடுவதும் பெரியவர்களுக்குப் போட்ட சினிமாப் பாட்டுகளைத்தான்.

அடுத்து, அந்தக் குரல் யாருடையது? தமிழர்களுக்கு இது புதுச் செய்தியே அல்ல. 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சின்னப் பையன் கமலுக்காகப் பாடியவர் எம். எஸ். ராஜேஸ்வரி. வளர்ந்த பெண், பயிற்சி பெற்ற குரல், பிள்ளை மாதிரி பாடினார். இப்போது தலைகீழ்: பிள்ளை வளர்ந்த பெண் மாதிரி பாடுகிறது. பின்னணி வேலை அங்கேயும் உண்டு. 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' முதல் படத்தில் ஸாக் எஃப்ரான் வாயசைத்த பாட்டுகளில் கேட்கும் குரல் பெரும்பாலும் ட்ரூ சீலி என்ற வேறொரு பாடகருடையது. நம் ஊரில் பாடியவர் பெயர் இசைத்தட்டிலேயே இருக்கும். அங்கே இரண்டு குரலையும் கலந்து ஒன்றாகக் கொடுத்தார்கள். போதாததற்கு 1997-இல் வந்த ஆட்டோட்யூன், சுருதி விலகினால் இழுத்து நேராக்கிவிடும். ஒரே குரலை நாலைந்து அடுக்காகப் பதிவு செய்வதும் சாதாரணம். ஆக, எட்டு வயதுப் பிள்ளை ஒரு மனுஷியோடு போட்டி போடவில்லை. பல தடவை பாடி, வெட்டி, ஒட்டி, நேராக்கிய ஒன்றோடு, ஒரே மூச்சில், ஒரே தொண்டையால் போட்டி போடுகிறது.

இதை அவளுக்குச் சொல்லவில்லை, காட்டினேன். செல்பேசியில் அவள் குரலையே மூன்று தடவை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டேன். கண் விரிந்தது. "இது நானா?"

சரி, என்ன செய்யலாம்? பாட்டை நிறுத்தச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறுத்தச் சொன்ன வீடுகளில் பிள்ளைகள் போர்வைக்குள் கிசுகிசுவென்று பாடுகிறார்கள். பலருக்குக் கிசுகிசுப்பதே குரல் நாணை இன்னும் இறுக்கிவிடும். கரோக்கே செயலிகளில் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது, அதைப் பிள்ளையின் குரலுக்குப் பொருத்துங்கள். சத்தத்தைக் குறையுங்கள், டிவி அலறினால் அதற்கு மேலே பாடத்தான் தோன்றும். ஹெட்போன் என்றால், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து விரல் மடக்குங்கள்.

ஆயா சுக்கு, மிளகு, கற்பூரவல்லி எல்லாம் கொடுத்துப் பார்த்திருந்தார். தொண்டைக்கு இதம்தான், கொடுக்கட்டும். ஆனால் குடிக்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்பு வழியாகத்தான் அங்கே ஈரம் போகும்.

பயிற்சியில் முக்கியமானது ஒரு ஸ்ட்ராவும் அரை கிளாஸ் தண்ணீரும். ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஊதினால் குமிழி வரும். தண்ணீரின் எதிர் அழுத்தம் குரல் நாண்களைப் பலமாக முட்டவிடாமல் மெதுவாக அதிரவைக்கும். அழுத்திக் கத்தினால் தண்ணீர் மேசையில் தெறிக்கும், பிள்ளைக்கே தப்பு தெரிந்துவிடும். தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பிறகு வீட்டில் செய்யலாம்.

பிள்ளையின் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியே இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அப்புறம்தான் என் மாதிரி ஆட்கள். எல்லாக் கரகரப்பும் நாடியூல் அல்ல. பாப்பிலோமா என்ற மரு வகை வளர்ச்சியும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மூச்சு விடும்போது சத்தம் கேட்டால் வாரக்கணக்கு பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

நடுவில் ஒரு சாயங்காலம் அவர்கள் தெருவில் கரண்ட் போனதாம். இருட்டில் ஆயா கோயிலில் பாடும் மாரியம்மன் பாட்டை முனகினாராம், பிள்ளையும் கூடச் சேர்ந்துகொண்டாளாம். அம்மா செல்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்தார். கேட்டேன். ஆயாவின் பழைய குரல் கீழே, அதற்கு மேலே மெலிசாக, இழுக்காமல், தள்ளாமல் இன்னொரு குரல். முதல் நாள் "ஹலோ ஆன்ட்டி" சொன்ன பிள்ளையா என்று இருந்தது. கழுத்தைப் பார்க்கத்தான் வழியில்லை, இருட்டு.

நான்கு மாதம் கழித்து எடுத்த படத்தில் மேடுகள் வற்றியிருந்தன, முழுதாகப் போகவில்லை. இந்த வருட எய்ஸ்டெட்ஃபோட் வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம், பிள்ளை அழுதாள். அப்புறம் கேட்டாள்: "அம்மாவோட ஸ்டாருக்கும் இப்படிக் குரல் போகுமா?"

மைலி சைரஸ் 2019-இல் குரல் நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதைச் சிறு வயதுப் பாட்டோடு முடிச்சுப்போட நான் வரவில்லை. ஆனால் கேட்ட பிள்ளையிடம் பொய் சொல்லவும் முடியாது. சொன்னேன்.

"அப்போ பாடவே இல்லையா?"

"கொஞ்ச நாள் பேசக்கூட இல்ல."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.