படத்தின் முதுகில் எழுதியது

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றை எடுத்துத் திருப்பினால் தாத்தாவின் பென்சில் கையெழுத்து: 'ரங்கூன், பிரேசர் தெரு, காளி கோயில் வாசல், 1958'. அதற்குக் கீழே ஐந்து பேரின் பெயர், இடமிருந்து வலமாக. 1964-க்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள். மீதிப் பேர் இங்கேயே, இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூனிலேயே, தங்கினோம். டின்னும் எங்களோடு தங்கிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் அந்தப் படங்களை ஸ்கேன் செய்து சென்னைக்கு அனுப்பினேன். "இவங்கல்லாம் யாரு? எந்த வருஷம்?" என்று சித்தப்பா மகன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கேனர் படத்தின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறது. முதுகு டின்னிலேயே கிடக்கிறது.

டிஜிட்டல் படத்துக்கும் ஒரு முதுகு உண்டு. காமிராவிலோ போனிலோ எடுக்கும் ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில், படத்துக்கான தகவல் வருவதற்கு முன்பே, எக்ஸிஃப் என்ற ஒரு சிறு பகுதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜப்பானின் மின்னணுத் துறைச் சங்கம் 1995-இல் வகுத்த முறை இது. அதிகபட்சம் 64 கிலோபைட்தான் இடம். அதற்குள் எடுத்த நாள், நேரம், காமிராவின் பெயர், லென்ஸ் திறப்பு, படத்தை எந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு, போனாக இருந்தால் பெரும்பாலும் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். கூடவே 160-க்கு 120 புள்ளி அளவில் அதே படத்தின் ஒரு குட்டி நகலும் வழக்கமாக இருக்கும். இந்தக் குட்டி நகலைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

இப்போது கார்டிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கும் வேலைக்கு வருவோம். எந்தக் காமிரா கார்டைத் திறந்தாலும் டிசிஐஎம் என்ற ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஜப்பானில், 1998-இல் வந்த ஒப்பந்தம். கோப்பின் பெயருக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் மட்டும். எண் 9999-ஐ எட்டியதும் மறுபடி 0001-க்கு வந்துவிடும். ஆகவே இரண்டு வருடம் நிறையப் படம் எடுத்தவரிடம் 0437 என்ற பெயரில் இரண்டு வேறு படங்கள் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'மாற்றட்டுமா' என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று அழுத்தினால் பழையது போய்விடும். இதனால்தான் படம் இறக்கும் நிரல்கள் எக்ஸிஃப்பில் உள்ள தேதியை எடுத்து, வருடம், மாதம், நாள், நேரம் என்ற வரிசையில் புதுப் பெயர் வைக்க வசதி தருகின்றன. அந்த வசதியை நான் எப்போதும் பயன்படுத்துகிறேன். வருடம் முதலில் வந்தால், அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது எனக்கே நடந்தது. ஒரு கல்யாணத்தில் எடுத்த படங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். 'இறக்கியதும் கார்டிலிருந்து அழி' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. யாங்கூனில் அது புதிய விஷயமில்லை. ஆனால் அன்று இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்திருந்தது. திரும்ப வந்து பார்த்தால், கார்டில் பல படங்கள் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை.

என்ன நடந்தது? ஒரு கோப்பை எழுதச் சொன்னதும் கம்ப்யூட்டர் அதை உடனே ஹார்டு டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, 'முடிந்தது' என்று நிரலிடம் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். வேகத்துக்காக இப்படிச் செய்கிறது. நிரலோ அந்த 'முடிந்தது' என்ற சொல்லை நம்பிக் கார்டில் இருந்ததை அழிக்கிறது. இடையில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது ஆவியாகிவிடும். இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

ஆனால் 'அழித்தல்' என்பது நாம் நினைக்கிற அழித்தல் அல்ல. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் அடுக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு கோப்பை அழித்தால், பெயர்ப் பட்டியலில் அதன் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும். 'இந்தக் கட்டங்கள் காலி' என்று அட்டவணையில் எழுதப்படும். அவ்வளவுதான். படம் அதே இடத்தில் படுத்திருக்கும், வேறு ஏதாவது வந்து மேலே எழுதும்வரை. ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரல்கள் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஜேபெக் தொடங்குகிற அடையாள பைட்டுகள் எங்கே வருகின்றன என்று தேடி, அங்கிருந்து அள்ளி எடுக்கின்றன.

அப்படித்தான் என் படங்கள் திரும்ப வந்தன. கோப்புப் பெயர்கள் போய்விட்டன, எல்லாம் ஓர் எழுத்தும் நீண்ட எண்ணுமாக இருந்தன. ஆனால் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருந்ததால் ஒரே நிமிடத்தில் வரிசைப்படுத்திவிட முடிந்தது. வெளியே ஒட்டிய பெயர் தொலைந்தாலும் உள்ளே எழுதியது தங்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

ஒன்று மட்டும் வரவில்லை. பதற்றத்தில் கார்டைக் காமிராவில் திரும்பப் போட்டு, வேலை செய்கிறதா என்று ஒரு படம் எடுத்துவிட்டேன். அது பழைய படம் ஒன்றின் மேல் போய் எழுதப்பட்டுவிட்டது. பெரியம்மா பேத்தியை மடியில் வைத்திருந்த படம். கம்ப்யூட்டரில் அதன் முன்பகுதி மட்டும் விழுந்திருக்கிறது. திறந்தால் மேல்பாதி தெரியும், கீழே வெறும் சாம்பல். ஜேபெக் படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து மேலிருந்து கீழாக எழுதுகிறது. தகவல் வராத சதுரத்துக்கு மதிப்பு இல்லை, மதிப்பில்லாத சதுரம் நடுச் சாம்பலாகத் தெரிகிறது. ஆனால் எக்ஸிஃப் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது அல்லவா? ஆகவே அந்த 160-க்கு 120 குட்டி நகல் முழுசாகத் தப்பியது. பெரியம்மாவின் மடியும் குழந்தையின் காலும் இன்று அந்தத் தபால் தலை அளவில்தான் எங்களிடம் இருக்கின்றன.

ஆகவே நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். இறக்கி முடித்ததும் பத்துப் படங்களையாவது முழு அளவில் திறந்து பாருங்கள். இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வையுங்கள். அதன் பிறகு கார்டைக் காமிராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால் கார்டைக் கழற்றி வையுங்கள், அதில் எதையும் எழுத விடாதீர்கள்.

நேரம் பற்றி ஒரு விஷயம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் முக்கியம். மியான்மர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி முன்னால், இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால். சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வரும் உறவினரின் போன் இங்கே வந்ததும் பெரும்பாலும் தானாக மாறிக்கொள்ளும். அவர் தோளில் தொங்கும் காமிரா பெரும்பாலும் மாறாது. எக்ஸிஃப் நேரத்தில் நீண்ட காலமாக 'எந்த ஊர் நேரம்' என்ற குறிப்புக்கே இடமில்லை. 2016-இல்தான் அதற்கு ஒரு கட்டம் சேர்த்தார்கள், பழைய காமிராக்களில் அது இருக்காது. விளைவு: காலை 9 மணிக்குத் தாலி கட்டும் படம் அவருடைய காமிராவில் 8 மணி என்று பதிவாகும். எல்லாருடைய படங்களையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் கெட்டிமேளம் முதலில், பெண் மேடைக்கு வருவது பிறகு.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒவ்வொருவரும் தத்தம் காமிராவில் ஒரு தடவை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் கோப்பில் பதிவான நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, அந்தக் காமிராவின் எல்லாப் படங்களையும் அதே அளவு நகர்த்தினால் போதும். டிஜிகாம், எக்ஸிஃப்டூல் என்ற இரண்டு நிரல்களும் இலவசம், இரண்டும் இதை மொத்தமாகச் செய்யும்.

ஸ்கேன் செய்த பழைய படங்களில் சிக்கல் வேறு. எக்ஸிஃப்பில் 'படம் பிறந்த நேரம்' ஒரு கட்டம், 'டிஜிட்டலாக மாறிய நேரம்' இன்னொரு கட்டம். ஸ்கேன் செய்த நாள் இரண்டாவதில்தான் இருக்க வேண்டும். முதலாவதில் 1958 என்று நாம் போட வேண்டும், இல்லாவிட்டால் தாத்தா நேற்றைய படங்களுக்கு நடுவே வந்து நிற்பார். வருடம் மட்டும்தான் தெரியும், நாள் தெரியாது என்றால் எக்ஸிஃப்பில் அதை எழுதுவது கஷ்டம். 2001-இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற குறிப்பு முறையில் வெறும் '1958' என்று எழுதலாம். இல்லாத நாளையும் மாதத்தையும் நாமாகக் கற்பனை செய்து போட வேண்டியதில்லை.

சரி, குறிச்சொற்கள், அதாவது பிறகு தேடி எடுப்பதற்காகப் படத்தோடு சேர்க்கும் பெயர்கள். இங்கேதான் ஒரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: நான் தட்டச்சு செய்யும் பெயர் எங்கே போய் எழுதப்படுகிறது? பல நிரல்கள் அதைத் தங்களுடைய தரவுத்தளத்தில் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். கோப்பில் எதுவும் மாறாது. அந்த நிரல் இருக்கும்வரை எல்லாம் அழகாகத் தெரியும். கூகுள் 2016-இல் பிக்காசா என்ற தன் பட நிரலை நிறுத்தியது. அதில் முகங்களுக்கு வைத்த பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதும்படி அமைத்துக்கொண்டவர்களுக்கு அவை மிஞ்சின. ஆகவே புதிய நிரலை நிறுவியதும் அமைப்புகளுக்குள் போய் 'குறிப்புகளைக் கோப்பிலேயே எழுது' என்பதைத் தேடி இயக்கிவிடுங்கள். பிறகு ஒரு படத்தை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, பெயர் தெரிகிறதா என்று சோதியுங்கள்.

தமிழில் பெயர் எழுதினால் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஐபிடிசி என்ற பழைய குறிப்பு முறை செய்தி நிறுவனங்களுக்காக வந்தது. அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் மட்டும் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில், எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், உயிர்மெய்யின் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். 'காளியம்மன் கோயில்' என்பது 49 பைட். அதோடு 'திருவிழா' என்று சேர்த்தால் 74. இடம் போதாது, 'காளியம்மன் கோயில் திரு' என்பதோடு வெட்டுப்பட்டு, பின்னால் ஒரு உடைந்த எழுத்து நிற்கும். எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் அதையே நம்புகிறேன். எக்ஸிஃப்பின் விளக்கக் கட்டமும் பல வருடங்கள் ஆங்கில எழுத்துக்கே உரியதாக இருந்தது. 2023-இல் வந்த 3.0 பதிப்பில்தான் யூடிஎஃப்-8 முறையாக உள்ளே வந்தது.

அப்புறம் 'மௌல்மேன்'. எங்கள் உறவினர் பாதிப் பேர் அந்த ஊர். ஒருநாள் தேடினால் பாதிப் படங்கள்தான் வந்தன. மீதி எங்கே? 'மௌ' என்ற எழுத்தை நான் சில நாள் சரியாகத் தட்டியிருக்கிறேன், சில நாள் 'மெ' தட்டி அருகில் 'ள' தட்டியிருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கம்ப்யூட்டருக்கு 'மௌல்மேன்' ஓர் ஊர், 'மெளல்மேன்' இன்னோர் ஊர். 'கொ', 'கோ' போன்றவற்றையும் ஒரே எண்ணாகவோ கொம்பும் காலும் தனித்தனியாகவோ சேமிக்கலாம். நல்ல நிரல் இந்த இரண்டையும் சமமாக்கிவிடும், ஆனால் ஔகாரத்துக்குப் பதில் 'ள' போட்டதை எந்த நிரலும் பொதுவாகத் திருத்தித் தராது. ஆகவே ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்டாதீர்கள். ஒருமுறை சரியாக எழுதி, பிறகு பட்டியலிலிருந்தே எடுங்கள்.

பர்மியப் பெயர்களுக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்தது. இங்கே பல வருடங்கள் எல்லாரும் பயன்படுத்திய ஸோஜி எழுத்துரு, உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் கொடுக்கும் யூனிகோடின் அதே எண்களை வேறு எழுத்துகளுக்குக் கொடுத்திருந்தது. நாடு 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் ஸோஜியில் எழுதிய குறிச்சொற்கள் இப்போது குழம்பித் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, பழைய குறிப்புகளை ஒருதடவை மாற்றிவிடுவது நல்லது.

எந்தப் பெயரை எழுதுவது என்பதும் லேசான கேள்வி இல்லை. இங்குள்ள தமிழர் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரு பர்மியப் பெயர். பர்மியப் பெயரின் முன்னால் வரும் மரியாதைச் சொல் வயதோடு மாறும்: இளைஞராக 'கோ', பெரியவரானதும் 'ஊ'. ஐ.நா. பொதுச் செயலராக இருந்த ஊ தாண்ட்டின் 'ஊ' அதுதான். அதையும் சேர்த்துக் குறிச்சொல்லாக்கினால் ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுவார். நான் மரியாதைச் சொல்லை விட்டுவிட்டு இரண்டு பெயரையும் எழுதுகிறேன். 'பெரியப்பா', 'பாட்டி' என்றும் எழுதுவதில்லை. என் பெரியப்பா சித்தப்பா மகனுக்கும் பெரியப்பாதான், ஆனால் அத்தை மகளுக்கு அவர் மாமா. ஊர்களுக்கும் அப்படியே: ரங்கூன், யாங்கூன் இரண்டும், பிரேசர் தெரு, அனோரத்தா சாலை இரண்டும். 1871-இல் கட்டிய காளி கோயில் அதே இடத்தில் நிற்கிறது. தெருவின் பெயர்தான் மாறியது.

கடைசியாக, அனுப்புவது. செய்தி அனுப்பும் செயலிகள் பெரும்பாலானவை படத்தைச் சுருக்கும்போது எக்ஸிஃப்பையும் எக்ஸ்எம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுகின்றன. பொது இடத்தில் போடும் படத்தில் வீட்டின் அட்சரேகை போகாமல் இருப்பது நல்லதுதான். குடும்பத்துக்கு அனுப்பும்போது 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

1958 படத்தை இப்போது இருபக்கமும் ஸ்கேன் செய்துவிட்டேன். ஐந்து பெயர்களும் முகங்களோடு சேர்ந்து உள்ளே இருக்கின்றன. டின்னில் முதுகில் எதுவும் எழுதாத படங்களும் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் 'கேட்க வேண்டும்' என்று ஒரே குறிச்சொல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அதில் 41 படங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பத்து மணிக்கு, சென்னையில் ஒன்பது மணிக்கு, பெரியப்பாவைக் கூப்பிட்டு மூன்று மூன்றாகக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு பெயர் கிடைத்தது.